தவிட்டுக்கு விற்ற கிழவனுக்கு

கிழவா,

ஒரு தாயின் கடிதம் இப்படித் தொடங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். தொடங்க வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. அதை நான் இன்னும் எழுத முடியாது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆகவே இன்னும் கொஞ்ச நேரம் நீ கிழவனாகவே இரு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ வன்கூவரிலிருந்து தொலைபேசி எடுத்தபோது நல்ல சந்தோஷமாகத்தான் பேச்சைத் தொடங்கினாய். ரொறன்ரோவில் மண்டபம் கிடைத்துவிட்டது, கலியாண அட்டை அடிக்கக் கொடுக்கப் போகிறார்கள், அதில்தான் ஒரு சின்னச் சிக்கல் என்றாய். மதுராவின் அப்பா அட்டையின் மாதிரியைப் பார்த்துவிட்டு, உன் பெயரில் விரலை வைத்து, "தம்பி, நீங்கள் வேதக்காரரோ?" என்று கேட்டாராம். நீங்கள் கிறிஸ்தவர்களோ என்று அவருக்குச் சந்தேகம். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. மதுரா என்ற பெயருக்குப் பக்கத்தில் ஆல்டர் என்று இருந்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும். நீ பெயரை மாற்றப் போவதாகச் சொன்னாய். மாற்று, ஆனால் கொஞ்சம் பொறு என்றேன். அந்தப் "பொறு"தான் உனக்குச் சுட்டுவிட்டது.

"ஏன் பொறுக்கவேணும்? அந்தப் பேரிலை உங்களுக்கு என்ன இருக்கு?" என்றாய். பிறகு கேட்டாய்: "அம்மா, எனக்கு அப்ப ஆறு வயசு. ஐ ரிமெம்பர். ஹொஸ்பிற்றல்லை நேர்ஸ் கேட்டவ, நீங்களோ அம்மா எண்டு. நீங்கள் இல்லை எண்டு சொன்னனீங்கள். அப்பா என்னை எப்பவும் மகன், மகன் எண்டுதான் கூப்பிட்டவர். நீங்கள் ஒருநாள் கூடக் கூப்பிடேல்லை. வை, அம்மா?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். நீ திரும்ப எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இன்று காலையிலிருந்து சாப்பாட்டு மேசையில் இந்தத் தாளை வைத்துக்கொண்டு இருக்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அதுவும் நல்லதுதான். மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் மதுராவிடம் கேள். அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான்.

உன் கேள்விக்குப் பதில் சின்னது. நான் உன்னை விற்றுவிட்டேன். விற்ற பிள்ளையை மகன் என்று கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான். இனி மற்றதைச் சொல்கிறேன்.

உனக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி நாங்கள் இந்த வீட்டில் பேசியதில்லை. மூத்தவள் ஊரில், நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் படுத்திருந்த நாட்களில், காய்ச்சலில் போனாள். அங்கே மருந்து இல்லை, ஆகவே யாரை நோவது என்றாவது தெரிந்திருந்தது. இரண்டாவது ஆண் பிள்ளை. இங்கே, மொன்றியலில், எல்லா வசதியும் உள்ள ஆஸ்பத்திரியில், ஒரு காரணமும் சொல்லாமல் போனான். டாக்டர்மாருக்கும் காரணம் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் வயிற்றில் இருக்கும்போதே பெயர் பார்த்தோம். நட்சத்திரம் பார்த்து, எண் பார்த்து, நல்ல நல்ல பெயர்கள். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீ வயிற்றில் வந்தபோது அப்பா ஒருநாள் பெயர் பேச்சை எடுத்தார். கையிலிருந்த கரண்டியை எறிந்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

அப்போது நான் ஷபனெல் தெருவில் ஒரு கோட்டுத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பா டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில். ஸ்னோடன் மெட்ரோவுக்குப் பக்கத்தில் இதே வீடு, இதே மூன்றாம் மாடி. எதிர்க் கதவு ரிவ்காவுடையது. ரிவ்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஏழு பிள்ளைகள், ஏழும் கல்லுக் குண்டுகள், படிக்கட்டில் இறங்கினால் கட்டடமே அதிரும். எங்கள் பழக்கம் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தால் ரிவ்கா நிற்கிறார். கும்பிடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "எங்கட குசினி இருட்டாக் கிடக்கு" என்றார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம், எனக்குக் கேட்டது எங்கள் தமிழ். கேட்டபடியே எழுதுகிறேன்.

அவர்கள் ஆசாரமான யூதர். வெள்ளிக்கிழமை பொழுது பட்டால் ஓய்வுநாள், விளக்குப் போடமாட்டார்கள், நிறுத்தவும் மாட்டார்கள். வேறொருவரிடம் போடச் சொல்லிக் கேட்கவும் கூடாதாம். ஆனால் இருட்டாக இருக்கிறது என்று சும்மா சொல்லலாம். கேட்டவருக்கு விளங்கினால் அது அவருடைய பாடு. நான் யாழ்ப்பாணத்துக்காரி. சொல்லாமல் சொல்வதும் கேட்காமல் கேட்பதும் எனக்குப் புதிதில்லை. பேசாமல் போய்ச் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டு விளக்குக்கு நான் பொறுப்பு.

நீ மாதம் நிறையாமல் பிறந்தாய். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு குழாய். நான் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நல்ல வார்த்தை சொன்னார்கள். ரிவ்கா மட்டும் வந்ததும் வராததுமாக, "பேர் வைச்சிட்டீரோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"நல்லது. வையாதையும். ஆல்டர் எண்டு கூப்பிடும்."

ஆல்டர் என்றால் அவர்கள் வீட்டில் பேசும் இத்திஷ் மொழியில் கிழவன். வயது போனவன். அவர்களுடைய ஆட்கள் கிழக்கு ஐரோப்பாவில் இருந்த காலத்தில், பிள்ளைகள் தங்காத வீடுகளில், பிறந்த குழந்தைக்கு இந்தப் பெயரை வைப்பார்களாம். சாவைக் கொண்டு வருகிற தூதன் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பான். குழந்தை எங்கே என்று தேடுவான். குழந்தை இல்லை, இங்கே ஒரு கிழவன்தான் இருக்கிறான் என்று வீட்டார் சொல்வார்கள். அவன் குழம்பி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். வேத புத்தகத்தில் உள்ள பெயர் இல்லை இது. பெரிய ராஜாக்களுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் இருந்த பெயரும் இல்லை. வயிறெரிந்த தாய்மார் குசினிக்குள் இருந்து கண்டுபிடித்த பெயர். ஹாயிம் என்று இன்னொன்றும் இருக்கிறதாம். உயிர் என்று அர்த்தம். அது உயிரைத் தா என்று நேரே கேட்பது, இது ஏமாற்றுவது என்று ரிவ்கா சொன்னார். அவருடைய தாயின் அண்ணன் ஒருவர் ஆல்டர். அவருக்கு முன் பிறந்த எல்லாரும் போய்விட, அவர் மட்டும் பல்லெல்லாம் கொட்டி, காது கேட்காமல், எல்லாரையும் திட்டிக்கொண்டு, ஆறுதலாகக் கட்டிலில் செத்தாராம்.

"நாங்கள் உங்கட ஆக்கள் இல்லையே. உங்கட தூதன் எங்களிட்டை ஏன் வாறார்?" என்று கேட்டேன்.

"அவன் பாஸ்போட் பாக்கிறேல்லை" என்றார் ரிவ்கா.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு எங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னேன். எங்களிலும் பிள்ளை தங்காத வீட்டில் குப்பை, பிச்சை என்றெல்லாம் பெயர் வைப்பார்கள். இந்தக் குப்பையை யார் எடுப்பான் என்று யமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்பதற்காக. அதற்கும் மேலே போய், பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவதும் உண்டு. இது என் பிள்ளை இல்லை, அவளுடையது, என்னிடம் எடுத்துப் போக ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்கு. ரிவ்காவின் கண் பெரிதாகிவிட்டது. "எங்களிட்டையும் விக்கிறது உண்டு" என்றார். "பிள்ளையள் தங்கின மனுசிக்குத்தான் விக்கவேணும். எனக்கு ஏழு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "தவிடு எண்டால் என்ன?" என்று கேட்டார். அரிசி தீட்டும்போது வருவது, மாட்டுக்கு வைப்பது என்றேன்.

அடுத்த நாள் பார்மசியிலிருந்து ஒரு காகிதப் பெட்டியோடு வந்தார். மலச்சிக்கல்காரர் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற கோதுமைத் தவிடு. பெட்டியில் கோஷர் முத்திரை, அதாவது அவர்கள் சாப்பிடலாம் என்கிற அடையாளம், இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினாராம். யாவாரம் சுத்தமாக இருக்கவேண்டும் அல்லவா. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பேரம் பேசவேண்டும், இல்லாவிட்டால் அது விற்பனை இல்லை என்றார் ரிவ்கா. விற்கிறவள் தன் பொருளைப் புகழ்வதுதான் உலக வழக்கம். இந்த விற்பனையில் மட்டும் இகழ வேண்டும், கேட்கிறவன் கேட்கட்டும் என்று. நான் உன்னைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இது எலும்பும் தோலும். கறுவல். அழக்கூடத் தெரியாது. ஒண்டுக்கும் உதவாது. என்ன தந்தாலும் காணும்." அதைச் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரிவ்கா உன்னை மேலும் கீழும் பார்த்து, "கிழடு. இதுக்கு ஒரு பெட்டியே அதிகம்" என்று முகத்தைச் சுளித்துவிட்டுத் தவிட்டுப் பெட்டியை என் மடியில் வைத்தார்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இனி இவன் என்ர. நீர் எனக்காக வளக்கிறீர். என்ர பிள்ளை எண்டு நீர் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, அவனுக்கும் சொல்லக்கூடாது. கலியாணத்துக்கு முதல் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போம். கலியாணத்திலை தாய் நிக்கவேணும், பக்கத்து வீட்டுக்காரி நிக்கக்கூடாது."

அப்பா வேலை முடிந்து வந்து கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்தார். "நான் விக்கேல்லை. நீதான் வித்தனி. எனக்கு அவன் மகன்தான்" என்றார். பதிவுத் தாளில் ஆல்டர் என்று எழுதிக் கொடுக்க மட்டும் சம்மதித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. தவிட்டை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எறிய மனம் வரவில்லை, மாடும் இல்லை. நான் அதைப் பாலில் போட்டுச் சாப்பிட்டு முடித்தேன். "பிள்ளையை வித்துச் சாப்பிடுறாள்" என்று அப்பா ஒவ்வொரு காலையும் சொல்லிச் சிரித்தார். நீ பிழைத்தாய்.

இதையெல்லாம் நம்பினாயா என்று நீ கேட்பாய். உனக்குப் படிப்பு இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. உன்னைக் காப்பாற்றியது அந்தக் கண்ணாடிப் பெட்டியும் குழாயும் டாக்டர்மாரும்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் இரண்டாவது பிள்ளைக்கும் அதே பெட்டி, அதே குழாய், அதே டாக்டர்மார். நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்பாமல் இருக்கத் துணிவு வரவில்லை. செருப்புக்குள் இருக்கிற கல்லுப் போல அது கூடவே வந்தது, நானும் அதோடு நடந்து பழகிவிட்டேன்.

அதனால் நீ கிழவன் ஆனாய். "எட கிழவா, சப்பாத்தைப் போடு." "கிழவன் இன்னும் எழும்பேல்லையோ?" உனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. நாலு வயதில் தடி ஒன்றை ஊன்றிக்கொண்டு கூனி நடந்து காட்டுவாய். கோயிலில் மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசும்போது நான், "எங்கட வீட்டிலை ஒண்டு இருக்கு, உதவாதது" என்பேன். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று நினைத்தார்கள். நீ கேட்டுக்கொண்டு நின்றாய் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் ரிவ்காவிடம் படித்த வித்தை ஒன்று என்னிடம் இருந்தது. சொல்லக் கூடாததைச் சொல்லாமல் சொல்வது. குளிர்காலத்தில் உன் கையுறையைச் சூடாக்கியில் வைத்து, நீ வெளிக்கிடும் நேரம் பார்த்து எடுத்துத் தருவேன். புட்டு அவித்தால் குழலில் தேங்காய்ப்பூ கூடுதலாக விழும் கடைசிக் கண்டம் உன் கோப்பையில்தான் விழும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது உச்சியில் என் கை ஒரு கணம் கூடுதலாக நிற்கும். இதெல்லாம் சொன்னதாக ஆகாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இருட்டாக இருக்கிறது என்று உன் வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ விளக்கைப் போடவில்லை. எப்படிப் போடுவாய், நீ குழந்தை.

இனி அந்த ஆஸ்பத்திரிக் கதை. உனக்கு முட்டு வந்து மூச்சு இழுத்தது. அப்பா வேலையில். ரிவ்காதான் டாக்ஸி பிடித்து எங்களைக் கொண்டு போனார், பின் இருக்கையில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு. உள்ளே உன் முகத்தில் மூடியைப் போட்டார்கள். உதடு நீலம். நேர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, பிரெஞ்சில், "லா மாமோன், அம்மா யார்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. அப்போது உன் நெஞ்சு உள்ளே போய் வெளியே வராமல் நின்றது. அந்த நேரத்தில், வேறு எந்த நேரத்திலும் இல்லை, அந்த நேரத்தில் நான் ஒப்பந்தத்தை முறிப்பேனா? ரிவ்காவைக் கையால் காட்டி, "நான் இல்லை, அவ" என்றேன். முழங்கால் மூடிய பாவாடையும், தலையில் டோப்பாவுமாக நின்ற அந்த வெள்ளை மனுசி, கண்ணை இமைக்காமல், "வி, மோ ஃபீஸ்" என்றார். என் பிள்ளை என்று. நேர்ஸ் உன்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வேறு நேரமாக இருந்தால் நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

நீ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். மூடவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

மூச்சு சீரான பிறகு நடைபாதையில் ரிவ்கா என்னிடம் சொன்னார்: "நீர் சொல்லியிருக்கலாம். ஒருக்கா சொன்னால் ஒண்டும் நடக்காது."

"நடக்காது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றேன்.



இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் பொய்யாகிவிடும். இன்றைக்கு அதே நேர்ஸ் அதே கேள்வியைக் கேட்டு, உன் நெஞ்சு அதே மாதிரி நின்றால், திரும்பவும் அதையேதான் சொல்வேன். உனக்கு நொந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் நொந்தது. அதோடு நீ இருக்கிறாய், கலியாணம் கட்டப் போகிறாய்.

நீ மேற்கே வேலைக்குப் போன பிறகும் வீட்டில் அந்தச் சொல் இருந்தது. அப்பா தொலைபேசியை எடுத்து, "மகன், சாப்பிட்டியோ?" என்று கேட்கும்போது நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன். அவர் கண்ணை மூடிய பிறகு அந்தச் சொல் இந்த வீட்டில் இல்லை. ரிவ்காவும் மகளோடு இருக்கப் போய்விட்டார். எதிர்க் கதவில் இப்போது சென்னைப் பிள்ளைகள் சிலர், பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். "சாப்டீங்களா ஆன்ட்டி" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டு விளக்கு எந்நேரமும் எரிகிறது. நான் போட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை வந்தால் என் கால் இப்போதும் வாசல்வரை போய்த் திரும்புகிறது. மெட்ரோவில் யாராவது ஒரு தாய் தொலைபேசியில் "ஓம் மகன், வாறன் மகன்" என்று பேசிக்கொண்டு வந்தால், என் இறங்குமிடம் வந்தாலும் அடுத்த இடம்வரை இருந்து கேட்டுவிட்டு இறங்குவேன். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். எழுதியாகிவிட்டது, கிடக்கட்டும்.

ஆகவேதான் பொறு என்றேன். உன்னைத் திருப்பி வாங்காமல் அந்தப் பெயரை நீ கழற்றக் கூடாது. ரிவ்கா வீட்டுக்குப் போக வேண்டும். போய் வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

மேலே உள்ளது திங்கட்கிழமை எழுதியது. இன்று வியாழன். நேற்றுப் பின்னேரம் பார்மசியில் அதே மாதிரித் தவிட்டுப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, பஸ் எடுத்து, ரிவ்காவின் மகள் வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் பனி உருகிய தண்ணீர், சப்பாத்து நனைந்துவிட்டது. ரிவ்கா ஜன்னலோரம் இருந்தார். முழங்கால்தான் போய்விட்டது, தலை அப்படியே இருக்கிறது. என் கையிலிருந்த பையைப் பார்த்தார், உள்ளே என்ன என்று கேட்கவில்லை.

"கலியாணமோ?" என்றார்.

"ஓம்."

"இரும். தேத்தண்ணி குடியும். பேந்து கதைப்பம்."

குடித்து முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப நான்தான் விக்கிறவள். இப்ப அவன் குழந்தை இல்லை, ஒளிக்கத் தேவையில்லை. பொருளைப் பற்றி உள்ளதைச் சொல்லித்தான் விப்பன்" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். பனிக்காலத்தில் ஒருவரும் சொல்லாமல் எங்கள் கட்டடத்துப் படிகளுக்கு உப்புப் போட்டவன் நீயாம். அவருடைய கணவர் செத்த கிழமை, அவர்கள் தரையோடு இருந்து துக்கம் காக்கும் ஏழு நாளும் பின்னேரங்களில் வந்து மூலையில் ஒரு கதிரையில் இருந்துவிட்டுப் போனாயாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். அப்படி இருக்கத் தெரிந்த பெடியனைத் தன் ஏழு பிள்ளைகளிலும் காணவில்லை என்றார். பொய் சொன்னால் உடனே மூக்கைச் சொறிவாயாம், அதனால் நம்பி வாங்கலாமாம். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். உன்னை ஒருவர் என் முன்னால் புகழ, ஓம், ஓம் என்று தலையாட்ட எனக்கு அனுமதி கிடைத்தது நேற்றுத்தான்.

"இன்னும் ஒண்டு" என்றார். "நீர் வெள்ளிக்கிழமையிலை வேலையாலை பிந்தினால் அவன்தான் வருவான். உந்த உயரம் இருக்கேக்கையே. கதவைத் திறந்தால் நான் இருட்டு எண்டு சொல்ல முதலே உள்ளை போய் விளக்கைப் போட்டிடுவான். சொல்ல முதலே விளங்கிற பிள்ளை. உமக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. நீ சின்னவன், உனக்கு விளங்கவில்லை என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை அப்படித்தான் உனக்கு எழுதியும் வைத்திருக்கிறேன், மேலே பார். கையுறையும் புட்டும் எண்ணெய்க் கையும் உனக்கு எப்போதோ விளங்கிவிட்டது. விளங்கியும் நீ கேட்டாய். ஏனென்றால் விளங்கியது போதாது. ஒருமுறையாவது வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும், நான்தானே மெட்ரோவில் அடுத்த இடம்வரை போகிறவள்.

வாங்குகிறவள் குறை சொல்ல வேண்டும், அதுதான் பேரம். நானும் தொடங்கினேன். "கோவக்காரன். போன் எடுக்கமாட்டான். ஒழுங்காச் சமைக்கத் தெரியாது" என்றேன். அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. "ரிவ்கா, என்ன விலை எண்டாலும் நான் வாங்கிறன்" என்று சொல்லிவிட்டேன். யாவாரம் தெரியாதவள் என்று அவர் தலையை ஆட்டினார். பெட்டியை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கோஷர் முத்திரையைத் தேடிப் பார்த்தார்.

"விலை ஏறிப்போச்சு. ஒரு பெட்டி காணாது" என்றார்.

"சொல்லுங்கோ."

"உங்கட சாமி வைச்சுச் செய்யிற கலியாணத்துக்கு எங்கட ஆக்கள் வரேலாது, உமக்குத் தெரியும்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெள்ளிக்கிழமையிலை என்ர அறை சரியான இருட்டு."

எனக்கு விளங்கியது. உனக்கும் விளங்கும். கலியாணம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, நீயும் மதுராவுமாக. அந்தக் கடனை நான் உன் பெயரில் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

"சரி, கொண்டுபோம்" என்றார். "இப்ப அவன் ஆர் எண்டு சொல்லும், நான் கேக்கிறன்." நான் சொல்லவில்லை. முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஏழு பேரில் பக்கத்தில் இருப்பது ஒருத்திதான். எட்டாவதையும் நேற்று நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டு வந்தேன்.

இனிப் பெயரை நீ என்னவும் செய். மாற்றினால் எனக்குக் கோபம் இல்லை, அதன் வேலை முடிந்துவிட்டது. வைத்திருந்தாலும் நல்லதுதான். இங்கே நாங்கள் பிள்ளைகளுக்குப் பனிக்கோட்டு வாங்கும்போது வளரட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதில்லையா, அந்த மாதிரி ஒரு பெயர் அது. ஒருநாள் உனக்கு அளவாக வரும். அதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன், மதுரா இருப்பாள். அவளிடம் என்னைப் போல் இருந்துவிடாதே. குசினி இருட்டாக இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்லாதே. விளக்கைப் போடு என்று கேள். அவள் சொல்லாமலே உனக்கு எல்லாம் விளங்கும், அது உன் குணம். ஆனாலும் விளங்கியதை வாயால் சொல். அவளுடைய அப்பா திரும்பக் கேட்டால், "கிழவன் எண்டு அர்த்தம், மாமா" என்று சொல். அவருக்கு வேறு சந்தேகம் வந்தால் தவிட்டுக் கதையைச் சொல். அவருடைய வீட்டிலும் ஒரு பிச்சையோ குப்பையோ இருந்திருக்கும்.

அந்தச் சொல்லை நான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டேன். வேறு தாளில், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில். கை பழகட்டும் என்று. இனி எழுதலாம்.

மகன், அன்றைக்கு அடுப்பில் பால் இருக்கவில்லை. திரும்ப எடு.

உன் அம்மா